முடக்கு வாதத்துக்குக் காரணம் பாக்டீரியாவா?

கேள்விக்குறி:
முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஒரு பாக்டீரியா தொற்றுதான், ஆறு மாதம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் போய்விடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. என் அக்கா முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கிறார். வீடியோவைப் பார்த்ததிலிருந்து மாத்திரையை நிறுத்தலாமா என்கிறார். இதில் உண்மை எவ்வளவு?

நுண்ணோக்கி:
நிறுத்த வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் பாக்டீரியா தொடர்பு முழுக் கட்டுக்கதை இல்லை. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு. அது புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றும். முடக்கு வாதக்காரர்கள் பலருடைய உடல், இப்படி மாறிய புரதங்களுக்கு எதிராகத்தான் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தயாரிக்கிறது. முடக்கு வாதத்தைக் கண்டறியச் செய்யும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை தேடுவது அதைத்தான். குடலையும் விட்டுவிடாதீர்கள். 2013இல் வந்த ஓர் ஆய்வில், நோய் புதிதாக வந்து இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களில் 75% பேரிடம் பிரிவோடெல்லா கோப்ரி என்ற குடல் பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களிடம் சுமார் 21% தான்.

சந்தேகராமன்:
அதே ஆய்வில், நீண்ட நாள் நோயோடு சிகிச்சையில் இருப்பவர்களிடம் அந்தப் பாக்டீரியா ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உடன் இருப்பதெல்லாம் காரணம் ஆகிவிடாது. ஈறு விஷயமும் அப்படித்தான். புகைபிடித்தால் ஈறும் கெடும், முடக்கு வாதமும் வரும் வாய்ப்பு கூடும். விரல் மடங்காதவருக்குப் பல் துலக்குவதே சிரமம், ஈறு கெடாமல் என்ன செய்யும்?

இந்தக் கதைக்கு வயதும் அதிகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எங்கோ ஒளிந்திருக்கும் தொற்று' என்று சொல்லி மூட்டுவலிக்காரர்களின் பற்களையும் டான்சிலையும் பிடுங்கித் தள்ளினார்கள். பல் போனது, வலி போகவில்லை.

நுண்ணோக்கி:
பல் துலக்க முடியாததுதான் காரணம் என்றால், முடக்கு வாதமே இன்னும் வராத, ஆன்டிபாடி மட்டும் உள்ளவர்களிடமும் ஈறு நோய் ஏன் அதிகம் தெரிகிறது? அவர்கள் விரல் நன்றாகத்தானே மடங்குகிறது. அந்த ஆன்டிபாடி நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். மூட்டில் கிருமியைத் தேடினால் கிடைக்காதுதான். தூண்டுதல் வாயிலும் குடலிலும் நடந்து முடிந்திருக்கலாம்.

மருந்துப்பெட்டி:
குறுக்கிடுகிறேன், வீடியோ ஆன்டிபயாட்டிக்கைப் பற்றித்தானே? மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வைத்து 48 வார ஆய்வே நடந்து, 1995இல் முடிவு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட வீக்கமும் வலியும் ஓரளவு குறைந்தன, நோய் போகவில்லை. அந்த ஓரளவு பலனும் கிருமியைக் கொன்றதால் என்று சொல்ல முடியாது. அந்த வகை மருந்து குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளையும் தடுக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் தோல் நீலச்சாம்பலாகலாம். சிலருக்கு லூபஸ் (எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்ற நோயே கிளம்பும், மூட்டுவலியோடு. இதெல்லாம் வீடியோவில் வந்திருக்காது.

கேள்விக்குறி:
ஆனால் ஆன்டிபயாட்டிக்கால் மூட்டுவலி குணமானவர்களைக் காட்டுகிறார்களே?

மருந்துப்பெட்டி:
உண்ணி கடித்து வரும் பாக்டீரியா தொற்றான லைம் நோயாக இருந்திருக்கலாம், மூட்டுக்குள்ளேயே சீழ் பிடித்த தொற்றாக இருந்திருக்கலாம். அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைதான். 'ஆர்த்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ நோய்கள் இருக்கின்றன.

சந்தேகராமன்:
நுண்ணோக்கி, ஒன்று கேட்கிறேன். ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது சுமார் 15% தான். மீதிக்கு உங்கள் பாக்டீரியாதான் பொறுப்பா?

நுண்ணோக்கி:
தனியாக இல்லை. புகை, ஹார்மோன், தற்செயல் எல்லாம் உண்டு. நான் சொல்வது, தூண்டியதை ஆன்டிபாடி கட்டத்திலேயே தடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான். மூட்டு அரித்த பிறகு கிருமியைக் கொன்று என்ன பயன்?

சந்தேகராமன்:
ஆன்டிபாடி இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயே வராதவர்களுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்கா? ஈறுக்கு வைத்தியம் என்றால் சரி, அதை யாரும் தடுக்கவில்லை. கேள்விக்குறி, அக்காவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மெத்தோட்ரெக்சேட் எடுப்பதையும் அங்கே சொல்லச் சொல்லுங்கள்.