ராமர் ஆண்டது 11,000 வருஷமா, 11,000 நாளா?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒருவர் இங்கே "ராமர் ஆண்டது 11,000 நாள், அதாவது முப்பது வருஷம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அதற்கு ஆஹா ஓஹோ வேறு. "தச வர்ஷ ஸஹஸ்ராணி தச வர்ஷ சதானி ச" என்று வால்மீகி ராமாயணத்தில் பாலகாண்டம் முதல் சர்க்கத்திலேயே நாரதர் சொல்கிறார். பத்தாயிரம் வருஷம், அதற்கு மேல் ஆயிரம். நாள் எங்கே இருக்கிறது?

தெற்குவீதி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஆயிரம் வருஷம் செய்ய வேண்டிய வேள்வி மனிதனால் முடியாது என்பதால், அங்கே வருஷத்தை நாளாகக் கொள்ள, வேத வேள்வி விதிகளுக்குப் பொருள் சொல்லும் சாஸ்திரமான மீமாம்சையே வழி சொல்கிறது. 11,000ஐ 360ஆல் வகுத்தால் முப்பதரை வருஷம்.

கணக்குப்பிள்ளை:
வகுத்தாயிற்றா, சரி. விசுவாமித்திரரிடம் தசரதர் தனக்கு 60,000 வருஷம் ஆயிற்று என்கிறாரே, அதையும் வகுங்கள். 166 வரும். நூற்றைம்பது வயதில் நாலு பிள்ளை, அது மட்டும் இயற்கையா? அப்புறம் வனவாசம் 14 நாளா?

வடைமாலை:
பதினாலு நாள் லீவுக்கா பரதன் பாதுகையைத் தலையில் சுமந்தான்?

தெற்குவீதி:
மனிதனுக்கு ஒவ்வாத எண் வரும் இடத்தில் மட்டும்தான் நாள் என்றேன்.

கணக்குப்பிள்ளை:
அதாவது உங்களுக்குப் பிடித்த இடத்தில் வருஷம், பிடிக்காத இடத்தில் நாள். போன மாதம் ராமர் பாலம் பேச்சிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

பழையபேப்பர்:
முடிசூட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் உத்தரகாண்டமே பிற்சேர்க்கை என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. கம்பரே முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டார். ராமர் கடைசியில் சரயு ஆற்றில் இறங்கிய கதைக்கு இவ்வளவு சண்டையா?

அகரம்:
கம்பர் விட்டால் தமிழில் இல்லை என்று ஆகிவிடுமா? ஒட்டக்கூத்தர் பெயரில் உத்தரகாண்டம் இருக்கிறது. அவருக்கு எத்தனையோ காலம் முன்பே நம்மாழ்வார், அயோத்தியின் புல்லையும் எறும்பையும்கூட விடாமல் ராமர் கரையேற்றியதைப் பாடிவிட்டார். "புற்பா முதலாப் புல்லெறும்பாதி." படித்துவிட்டு வாருங்கள்.

பழையபேப்பர்:
படித்துவிட்டு வா என்று சொல்ல நீங்கள் யார்? பக்திப் பாட்டெல்லாம் சரித்திரச் சான்று ஆகாது.

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். பிற்சேர்க்கையோ முற்சேர்க்கையோ, காலன் தவசி வேஷத்தில் வந்து பிரம்மா சொல்லியனுப்பியதாகச் சொல்வதும் அதே 11,000 வருஷம்தான். உள்ளே ராமரோடு பேச்சு நடக்கிறது, இடையில் வந்து பார்ப்பவனைக் கொல்ல வேண்டும் என்று ராமர் கொடுத்த வாக்கு, வாசலில் காவலுக்கு லட்சுமணன். துர்வாசர் வந்து குலத்தையே சபிப்பேன் என்று நிற்க, "நான் ஒருவன் செத்தால் போகட்டும், எல்லோரும் அழிய வேண்டாம்" என்று அவன் உள்ளே போய்விடுகிறான். முனிவர் கேட்டது என்ன? சாப்பாடு! ஆயிரம் வருஷ விரதம் முடிந்ததாம். உங்கள் கணக்கில் மூன்று வருஷம்கூட வராது. மூன்று வருஷம் சோறில்லாமல் இருப்பது மட்டும் மனிதனுக்கு ஒவ்வுமா?

வடைமாலை:
லட்சுமணன் உயிர் போனது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. அதை விட்டுவிட்டு நீங்கள் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தெற்குவீதி:
துர்வாசர் முனிவர், ராமர் மனிதனாகப் பிறந்தவர். முப்பதரை வருஷம்தான். இனி உங்களுக்குப் பதில் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
வனவாசம் 14 வருஷமா, 14 நாளா?