வண்டூர் கடல் பூங்காவில் ஸ்கூபா செய்ய முடியுமா?

பாலா77:
பிப்ரவரி கடைசியில் நான், மனைவி, பத்து வயது மகள், அம்மா நாலு பேரும் அந்தமான் போகிறோம், ஐந்தே நாள். மகளுக்கு ஆமை பார்க்க வேண்டும், எனக்கு ஒரு தடவையாவது ஸ்கூபா (முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது) இறங்கிவிட வேண்டும், அம்மாவுக்கு முட்டிவலி, நீச்சலும் தெரியாது. போர்ட் பிளேர் பக்கத்தில் இருக்கும் வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? முதல் மூன்று நாள் போர்ட் பிளேர், நாலாம் நாள் ஹேவ்லாக் தீவு, ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஸ்கூபா முடித்துக் கப்பல் ஏறி அன்றைக்கே விமானம் என்று போட்டிருக்கிறேன்.

துறைமுகவாசி:
வணக்கம் சகோ, நான் போர்ட் பிளேரில் வளர்ந்தவன். வண்டூர் ஸ்கூபாவுக்கான இடம் இல்லை. 1983ல் அறிவித்த பூங்கா அது, 15 தீவுகள், 281 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அத்தனையிலும் பயணிகளை விடுவது ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டில்தான், அதுவும் மாற்றி மாற்றி. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். நீங்கள் வரும் மாதத்தில் ஜாலி பாய். வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. படகுத்துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் எதுவும் போகாது, தீவில் கடையும் கிடையாது. அம்மாவைப் பற்றி ஒன்று: பெரிய படகு கரை வரை போகாது, கண்ணாடி அடி வைத்த சின்னப் படகுக்கு நடுத்தண்ணீரில் மாறி ஏற வேண்டும், அலை இருந்தால் அது ஆடும். படகுக்காரரிடம் முன்னாடியே சொல்லுங்கள், கை கொடுத்து ஏற்றுவார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நனையாமலே பவளப்பாறை, கிளிமீன், கடல் வெள்ளரி எல்லாம் அம்மா பார்த்துவிடலாம். என் பாட்டி அப்படித்தான் பார்த்தார், எழுபது வயதில்.
வண்டூர் கடற்கரையில் மட்டும் யாரும் குளிக்க இறங்காதீர்கள், முதலை எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை.

மீனா_ர:
பாலா, உங்கள் ஐந்தாம் நாளை உடனே மாற்றுங்கள்! ஸ்கூபா செய்த அன்றே விமானம் ஏறவே கூடாது. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, அது மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்துக்குப் போனால் குமிழ்களாகி மூட்டு, நரம்பு, மூளை வரை பாதிக்கலாம். ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஹேவ்லாக்கை இரண்டாம், மூன்றாம் நாளுக்குக் கொண்டுபோங்கள், ஜாலி பாயைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அங்கே மாஸ்க், குழாய் போட்டு மேலாக மிதந்து பார்க்கும் ஸ்நார்கலிங்குக்கு இந்தக் கணக்கு கிடையாது.
முதல் முறை இறங்குபவரைப் பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு அதிகம் போனால் 12 மீட்டர் வரை கூட்டிப்போவார், நீச்சல் தெரிய வேண்டும் என்றில்லை. பத்து வயதானால் மகளும் இறங்கலாம், ஆனால் அவளுக்கே ஆசை இருந்தால் மட்டும். சளி, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் மருத்துவப் படிவத்தில் எழுதுங்கள். எனக்கு மூக்கடைப்போடு இறங்கி காது இரண்டு வாரம் வலித்தது, கேட்டவரிடம் நன்றாக இருக்கிறேன் என்று நானே சொல்லியிருந்தேன்.
ஆமை எங்கேயும் உறுதி இல்லை. முட்டையிட வருவதைப் பார்க்க வடக்கே திக்லிபூர் பக்கம் காலிப்பூர் போக வேண்டும், உங்கள் ஐந்து நாளில் முடியாது.

கரையோரம்:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஜாலி பாயில் தண்ணீர் கொஞ்சம் முகத்தில் ஏறியதும் பதறிப்போய்க் கால் ஊன்றுகிறார்கள், ஊன்றுவது உயிருள்ள பவளத்தின் மேல். உருண்டையாக இருக்கும் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு மீட்டர் உயரப் பாறைக்கு ஏறக்குறைய நூறு வயது. 2010ல் கடல் சூடாகி அந்தமானில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, உள்ளே இருந்து உணவு தரும் பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளை எலும்பாக நின்றன, 2016ல் மறுபடி. அதைத் தாண்டிப் பிழைத்தவை நம் செருப்புக் காலில் உடைவதைப் பார்த்தால் எனக்கு அழுகையே வருகிறது.
மகளுக்கு வீட்டருகே நீச்சல் குளத்தில் மாஸ்க், குழாய் போட்டு மிதக்கப் பழக்கிக் கூட்டிப்போங்கள். செத்த பவளத் துண்டைக்கூட எடுக்க வேண்டாம், அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையச் சோதனையில் மாட்டுவீர்கள்.

பாலா77:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விமான விஷயம் சத்தியமாகத் தெரியாது, திட்டத்தை மாற்றிவிட்டேன். மகளை நாளையே குளத்துக்குக் கூட்டிப்போகிறேன். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் போதுமா?

துறைமுகவாசி:
போதும் சகோ. நாலு பேருக்கும் சேர்த்து நிறையவே கொண்டுபோங்கள், அங்கே நிழல் இருக்கும், குடிதண்ணீர் இருக்காது.