பள்ளி விட்டாலும் வகுப்பு மண்டையை விட்டுப் போகவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆசிரிய நண்பர்களே, வணக்கம். 11 வருடமாக ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பாடம் நடத்துவது இன்றும் பிடித்த வேலைதான். அதைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம்தான் ஆளைத் தின்கிறது.

நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு பெற்றோரிடமிருந்து வாட்ஸ்அப்: "ஏன் அரை மார்க் குறைந்தது?" படித்துத் தொலைத்துவிட்டேன், அப்புறம் தூக்கம் எங்கே வரும்? படுக்கையிலேயே பதிலை நாலு விதமாக எழுதி அழித்தேன். காலையில் முதல் பீரியடில், பென்சில் கேட்கப் பின்னால் திரும்பிய ஒரு பையனிடம் கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்தப் பணிச் சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது. இதை நோயாக அது வகைப்படுத்தவில்லை; பணியிட அழுத்தம் சரிசெய்யப்படாமல் நீடிப்பதன் விளைவு என்கிறது. முதல் இரண்டும் எனக்கு அப்படியே பொருந்துகின்றன.

மூச்சுப் பயிற்சி செய்து பார்த்தேன். அந்த நேரத்துக்கு நல்லதுதான், ஆனால் கண்ணைத் திறந்தால் திருத்தாத 42 நோட்டுகள் மேசையில்.

சரி, கேட்க வந்தது இதுதான். மாலைக்குப் பிறகு பெற்றோர் செய்திகளுக்குப் பதில் கிடையாது என்று எல்லை வைத்தவர்கள் உண்டா? அது நிலைத்ததா? தலைமையாசிரியரிடம் எப்படிப் பேச்செடுத்தீர்கள்? பிள்ளைகளையே நோட்டை மாற்றித் திருத்தச் சொல்வது கணக்குக்குச் சரிப்பட்டதா? மனநல ஆலோசகரிடம் போனவர்கள், எந்தக் கட்டத்தில் போனீர்கள் என்று சொல்லுங்கள்; பொதுவில் எழுதத் தயக்கமென்றால் உள்பெட்டியில் வாருங்கள். "யோகா செய்யுங்கள்" மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.