மாமாவின் எபிஃபோன் கசீனோ: பூச்சை உரித்துப் புதிதாகப் பூசலாமா?

ரயில்பாதை_வீடு:
வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். தாய்மாமா காலமாகி மூன்று மாதமாகிறது. 1971இல் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் வாத்தியக்காரரிடம் அவர் வாங்கிய எபிஃபோன் கசீனோ மின் கிற்றார் இப்போது என்னிடம் இருக்கிறது. மெல்லிய உடல், உள்ளே முழு வெற்றிடம், இரு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். துளைக்குள் நீல நிறச் சீட்டு. அதில் எபிஃபோன், கலமசூ, மிச்சிகன் என்று படிக்க முடிகிறது. மாமா தன் பழைய சாரத்தின் துண்டால் மட்டுமே அதைத் துடைப்பார். வேறு யாராவது தொட்டால் முகம் கறுத்துவிடும்.

பூச்சு முழுவதும் பழைய பீங்கான் கோப்பைபோல மயிர்க்கோடுகள். ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. சும்மா வைத்திருந்தாலே ரீங்காரம். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது. நகரில் ஒரு கடையில் காட்டினேன். "இது வெறும் ஒட்டுப்பலகை, அரத்தாள் போட்டு உரித்துக் கார் பெயின்ற் அடிக்கலாம், உள்ளே ஒரு கட்டை வைத்தால் ஊளை நிற்கும், 45,000 ரூபா" என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்யலாமா?

தாளம்_தப்பியவன்:
உரிப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன் 1968இல் தன் கசீனோவின் பூச்சை உரித்துவிட்டுத்தானே வாசித்தார்? மரம் மூச்சு விடும், ஒலி திறக்கும் என்பார்கள்.

கொட்டாஞ்சேனைப்_பட்டறை:
தம்பி, லெனன் உரித்தபோது அந்தக் கிற்றாருக்கு மூன்று வயது. அது அவருடைய பொருள். இந்தப் பிள்ளையிடம் இருப்பது ஐம்பது வருடம் கடந்த பொருள், அதுவும் மாமாவுடையது.

பிள்ளை, முதலில் அந்த "வெறும் ஒட்டுப்பலகை" என்ற பேச்சைத் தீர்த்துவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். தளபாடக் கடையில் வாங்கும் பலகை அல்ல இது. மெல்லிய மரத் தாள்களைப் பசையிட்டு அடுக்கி, வளைந்த அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தியெடுப்பார்கள். கிற்றாரின் முன்பலகை மேடாக வளைந்திருக்கிறதே, அது செதுக்கியது அல்ல, அழுத்தத்தில் பிறந்தது. செதுக்கிய திண்மரத்தைவிட இது அதிர்வுக்குச் சற்று முரண்டு பிடிக்கும். மின் கிற்றாருக்கு அந்த முரண்டு வேண்டும்; இல்லாவிட்டால் ஊளை இன்னும் சீக்கிரம் தொடங்கும். ஆனால் வெளித்தாள் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மேட்டின் விளிம்பில் அரத்தாள் இரண்டு இழுப்பு அதிகம் போனால் அடித்தாள் வெளியே தெரியும். பிறகு அழுதாலும் ஒட்டாது.

மயிர்க்கோடுகள் நோய் அல்ல. அது நைட்ரோசெலுலோஸ் பூச்சு. வயதானால் சுருங்கி வெடிக்கும். மரம் வெடித்ததா என்று மட்டும் பாருங்கள்: விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள், இரு பக்கமும் மட்டமாக இருந்தால் பயமில்லை. இன்னொன்று, றப்பர் வைத்த தாங்கியில் இதைச் சாய்க்காதீர்கள். றப்பர் இந்தப் பூச்சை இளக்கிவிடும்.

ஊளைக்கு வருகிறேன். அமெரிக்கக் கிற்றார் நிறுவனமான கிப்சன் 1958இல் இஎஸ்-335 என்ற கிற்றாரைக் கொண்டுவந்தபோது உடலின் நடுவே நீளமாக மேப்பிள் கட்டை வைத்தது இந்த ஊளையை அடக்கத்தான். அடுத்த வருடம் வந்த இஎஸ்-330இல் அந்தக் கட்டை இல்லை. 1961இல் வந்த கசீனோ அதன் உடன்பிறப்பு. எபிஃபோனை 1957இலேயே கிப்சன் வாங்கிவிட்டதால் இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. அதாவது, கட்டை இல்லாமல் இருப்பதுதான் கசீனோ. இப்போது கட்டை வைப்பதென்றால் எஃப் துளை வழியே போகாது, பின்பலகையை அறுக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொன்னாரா?

ரீங்காரம் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட், மின்விசிறியின் ரெகுலேற்றர் எல்லாம் அதற்குள் பாடும். கிற்றாரோடு மெதுவாகச் சுழன்று நில்லுங்கள், ஒரு திசையில் அடங்கும். எத்திசையிலும் அடங்காமல், கம்பியைத் தொட்டாலும் மாறாவிட்டால் எர்த் இணைப்பு விட்டிருக்கிறது. அது சின்ன வேலை.

கரகரப்புக்குக் கொன்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைத் துப்புரவாக்கும் திரவம்) விட்டு முப்பது தடவை திருப்பினாலே பெரும்பாலும் போகும். போகாவிட்டால் குமிழின் அடிப்பாகத்தைக் கழற்ற வேண்டும். அதற்கும் வழி எஃப் துளைதான். கழற்றுமுன் ஒவ்வொரு தண்டிலும் நூல் கட்டுவோம், திரும்ப இழுத்துத் துளையில் உட்கார வைக்க. நூல் கட்டாமல் கழற்றியவர்கள்தான் அரை நாள் கம்பிக் கொக்கியோடு போராடுவார்கள். நானும் முதல் வருடத்தில் போராடியிருக்கிறேன்.

ரயில்பாதை_வீடு:
ஐயா, நகத்தை இழுத்துப் பார்த்தேன், எல்லாம் மட்டம். கிழக்கே திரும்பி நின்றால் ரீங்காரம் பாதியாகிறது! கைபேசிக் கமராவைத் துளையருகே வைத்துப் படமெடுத்தேன். குமிழின் முதுகில் 1376623 என்று இருக்கிறது. தலைப்பகுதியில் உள்ள தொடர் இலக்கமும் அனுப்பவா?

கொட்டாஞ்சேனைப்_பட்டறை:
தொடர் இலக்கத்தைப் பொதுவில் போட வேண்டாம். அறுபதுகளில் அந்தத் தொழிற்சாலை ஒரே இலக்கத்தைப் பல வருடங்களில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறது, அதை வைத்து வயது சொல்ல முடியாது. குமிழ் சொல்லும்: 137 தயாரித்த நிறுவனத்தின் குறி, 66 வருடம், 23 வாரம். ஆக, அந்தக் குமிழ் 1966 ஜூனில் செய்தது. அது பழைய ஈயப் பற்றோடு இருந்தால் கிற்றார் அதற்கு முந்தியது அல்ல. பள்ளிக்கூட அடிமட்டத்தால் கழுத்தின் தலைப்பக்க அகலத்தை அளந்து பாருங்கள். 40 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் கணக்குச் சரி. அதற்கு முந்தியவை 43 அளவில் இருக்கும்.

தாளம்_தப்பியவன்:
நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் அண்ணா.

ரயில்பாதை_வீடு:
நாற்பதேதான். கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கொண்டு வரலாமா?

கொட்டாஞ்சேனைப்_பட்டறை:
பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். முச்சக்கர வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் அந்தச் சாரத் துண்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். என்னிடம் இருப்பது எல்லாம் எண்ணெய் பட்ட துணி.