மறு: மறு: ‘காலம்-மேஜர்’: தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம். எண்களைக் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸைக் கணினி நினைவகத்தில் நெடுக்கு வரிசை வரிசையாக வைப்பதை ‘காலம்-மேஜர்’ (column-major) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்பதுதான் நம் கேள்வி.

மேட்ரிக்ஸுக்குத் தாயமா அணியா என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாமா? ஒரே சொல் இரண்டு பொருளுக்கு வருகிறது என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது நியாயம்தான். இங்கே தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் மேட்ரிக்ஸும் அணி, கணினி அறிவியலில் ஒரே வகைத் தரவுகளின் வரிசையான அர்ரேயும் அணி. இலங்கையில் மேட்ரிக்ஸுக்குத் தாயம் என்று தனிச்சொல் இருப்பது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. ஆனால் சென்னைப் பிள்ளைகளுக்குத் தாயம் என்றால் கட்டை உருட்டத்தான் தோன்றும். அணியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் என் பாடக்குறிப்பில் சிக்கல் வேறு இடத்தில். மேல் வரியில் 1 2 3, கீழ் வரியில் 4 5 6 உள்ள அணியை மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் 1 4 2 5 3 6 என்று மேலிருந்து கீழாகவே நினைவகத்தில் வைக்கும். அது முதலில் இப்படியே வைக்கும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது, அப்புறம் சி மொழிக்கு மாறியும் அந்த வழக்கம் போகவில்லை. பைத்தான் மொழியின் கணக்குத் தொகுப்பான நம்பை வழக்கமாக 1 2 3 4 5 6 என்று வைக்கும். மேட்லேப் தரவைச் சேமிக்கும் மேட் கோப்பு பழைய வகை என்றால், பைத்தானின் இன்னொரு தொகுப்பான சைபையின் லோட்மேட் கட்டளை இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். 7.3 பதிப்பில் சேமித்த கோப்பை அது திறக்காது. உள்ளே இருப்பது எச்டிஎஃப்5 என்ற வேறு கோப்பு வடிவம். சரி என்று அதைப் படிக்கும் எச்5பை தொகுப்பைக் கொண்டு திறந்தால், நெடுக்கே வைத்ததைக் குறுக்கே படிப்பதால் 2×3 அணி 3×2 ஆக வந்து நிற்கிறது. ஏன் என்று மாணவர் கேட்கும் அந்த இடத்துக்குத்தான் சொல் வேண்டும்.

‘காலம்-மேஜர்’ என்றே எழுதச் சொல்பவர்களுக்கு: தமிழ் எழுத்தில் அதை நேரம் என்றுதான் படிப்பார்கள்.

காலம்-மேஜருக்கு நம் குழுவின் தமிழறிந்த ஐயா சொன்ன ‘நிரல்முதன்மை’க்கு வருகிறேன். கணக்கில் நிரை குறுக்கே, நிரல் நெடுக்கே, மறுப்பில்லை. ‘அன்பும் அறனும்’ மேலே, ‘பண்பும் பயனும்’ கீழே எழுதி, அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று மேலிருந்து கீழே பொருள்கொள்வதுதானே நிரல்நிறை, நன்னூலார் சொன்ன பொருள்கோளே இதற்கு வழிகாட்டுகிறதே என்று அவர் காட்டியது மிக அழகு, வகுப்பிலும் சொல்லப்போகிறேன். ஆனால் புரோகிராமுக்கும் நாம் நிரல் என்றுதானே எழுதுகிறோம்? ‘நிரலை இயக்கினால் நிரல்முதன்மைத் தரவு நிரைமுதன்மையாக மாறும்’ என்ற வரியை உரக்கப் படித்துப் பாருங்கள், ஐயா. கடைசி வரிசையில் இருக்கும் பையனுக்கு எந்த நிரல் எது என்று எப்படிப் பிடிபடும்?

அதனால்தான் நெடுக்கடுக்கு, குறுக்கடுக்கு என்கிறேன். நெடுக்கே அடுக்குவது, குறுக்கே அடுக்குவது. அடுக்கு ஏற்கெனவே ஸ்டாக் என்ற தரவமைப்புக்குப் போய்விட்டதே என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். இந்தப் பாடத்தில் ஸ்டாக் வரவே இல்லை. முதன்மை என்றால் இங்கே எது முதன்மை என்று தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. அடுக்கு என்பது நடப்பதை நேராகச் சொல்லிவிடுகிறது.

இதுவரை நான்கு பேர் நெடுக்கடுக்குக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள், அதில் இருவர் ‘ஏதோ ஒன்றைப் போட்டு முடியுங்கள்’ என்றவர்கள். ஐயா இன்னும் நிரல்முதன்மையில்தான் நிற்கிறார். பாடத்தில் நெடுக்கடுக்கு போகும், முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் நிரல்முதன்மையும் சேர்க்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.