அனோமியா: பெயர்மறதியா, சொல்லெட்டாமையா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆல்சைமர் வகை மறதிநோயில் தோன்றும் அனோமியாவுக்கு, அதாவது வேண்டிய சொல் வேண்டும்போது வாய்க்கு வராத நிலைக்கு, தமிழில் ‘பெயர்மறதி’ என்று முன்வைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அது எளிமையானதுதான். ஆனால் அதைக் கேட்கும் குடும்பத்தார், பேரப்பிள்ளைகளின் பெயர் நினைவுக்கு வராததையே மருத்துவர் குறிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். நழுவுபவை ஆட்பெயர்கள் மட்டுமல்ல. அன்றாடப் பொருட்பெயர்களும் வினைச்சொற்களும் நழுவுகின்றன.

சீப்பைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டால், நோயின் தொடக்கத்தில் இருப்பவர், ‘தலைக்கு... இப்படிச் செய்வோமே, அது’ என்று கையால் வாரிக் காட்டுவார். ‘சீ’ என்று முதலெழுத்தை எடுத்துக்கொடுத்தால், பல நேரங்களில் சொல்லை முடித்துவிடுவார். பொருளும் பயனும் அவருக்குத் தெரிகின்றன, சொல்லும் அழிந்துவிடவில்லை, அதைச் சென்றடையும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதால் ‘சொல்லெட்டாமை’ என்பதை முன்மொழிகிறேன். ‘நினைவுக்கு எட்டவில்லை’ என்று நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியிராது.

நோய் முற்றும்போது நிலைமை வேறு. நாயின் படத்தை ‘விலங்கு’ என்பார், பிறகு அதுவும் வராது, முதலெழுத்தும் கைகொடுக்காது. விலங்குப் பெயர்களை ஒரு நிமிடம் அடுக்கச் சொல்லும் சோதனையில், ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவதைவிட இந்நோயாளர் பொதுவாக மிகுதியாகத் தடுமாறுவதும் பொருளறிவு கரைவதையே காட்டுகிறது. இதற்குப் ‘பொருண்மைத் தேய்வு’ என்று தனிச்சொல் வேண்டும். சொல்லாகிய சொன்மையையும் அது உணர்த்தும் பொருளாகிய பொருண்மையையும் தொல்காப்பியப் பெயரியலே பிரித்து வைத்திருக்க, இரண்டையும் ‘மறதி’க்குள் அடைப்பது பெரும் இழப்பு.

‘பேச்சிழப்பு’ என்பதும் பொருந்தாது. ஒலிப்பும் தொடரமைப்பும் உரக்கப் படிக்கும் திறனும் நெடுநாள் குலையாமல் இருக்கின்றன.

ஒரு சொல்லுக்குப் பதில் வேறொன்று வந்துவிழும் பாராபேசியாவுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஆல்சைமர் 1907இல் வெளியிட்ட கட்டுரையில், 51 வயதுப் பெண் ஒருவர் கோப்பையைப் ‘பால் ஊற்றும் கலம்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்ததைப் பதிவு செய்திருக்கிறார். சொல் எட்டாத நிலையிலும், பயனைப் பற்றிக்கொண்டு பொருளுக்கு அருகில் வந்து நின்ற அந்த முயற்சியை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ‘சொற்பிறழ்வு’ என்றால் அது வெறும் பிழையாகச் சுருங்கிவிடுகிறது. ‘அண்மைச்சொல்’ என்றால், தொடர்பே இல்லாத சொல் வந்துவிழும் இடங்களுக்குப் பொருந்தாது. பொருளுக்கு அருகில் வரும் சொல், தொடர்பே இல்லாத சொல் ஆகிய இரண்டையும் தாங்கும் பெயர் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.