சரிந்த மண்டபக் கற்களில் எண் எழுத வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டினம் பக்கம், எங்கள் ஊர் ஏரிக்கரைக் கல்மண்டபம் போன ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. தூண், அதன் தலையில் உட்காரும் போதிகை, அதன்மேல் குறுக்கே போகும் உத்தரம், கூரைப் பலகை எல்லாம் கருங்கல். அதே கற்களை வைத்துத் திரும்ப எழுப்பப் போகிறோம். விழுந்த நிலையிலேயே படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, எண்ணும் கொடுத்தாயிற்று. அந்த எண்தான் கல்லில் நிற்கவில்லை.

சுண்ணாம்பு மழையில் கரைந்தது. மார்க்கர் வெயிலில் மங்கியது. கம்பியில் கட்டிய தகரத் துண்டு போதிகையில் நிற்கிறது, பலகைக்கல்லில் கட்ட வழியில்லை. தூண் தலையின் முளையும் போதிகைக் குழியும் பொருந்துவதைப் பார்த்து ஜோடி சேர்க்கிறோம். உத்தரங்களுக்கு அதுவும் உதவாது.

எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஓர் உத்தரத்தில் நாலு வரி கல்வெட்டு இருக்கிறது. பெயிண்ட் வழிந்து வெட்டெழுத்துக்குள் இறங்கினால் சரியாகப் படி எடுக்க முடியாது.

மழை வெயிலைத் தாங்கி, பிறகு கறையில்லாமல் எடுக்கக்கூடிய எண்ணைக் கருங்கல்லில் எதைக்கொண்டு எழுதலாம்?